அலமாரிக் கதவில் ஒன்பது வரிகள்

தொலைந்த பொருள்களுக்கான அலுவலகம் ரயில் நிலையத்தின் ஏழாவது நடைமேடைக் கோடியில், கழிப்பறைக்கும் பார்சல் கிடங்குக்கும் நடுவே இருக்கிறது. அங்கே பதின்மூன்று வருடமாக வேலை பார்க்கும் நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணை நிலையத்தில் எல்லோரும் லேபிள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிற ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுதி நூலால் கட்டுவது அவள் வேலை. குடை, கைப்பை, ஒற்றைச் செருப்பு, பல்செட் என்று தினமும் வண்டி வண்டியாக வரும். ஒருமுறை சக்கர நாற்காலி ஒன்று வந்தது. அதில் உட்கார்ந்து வந்தவர் எப்படி எழுந்து போனார் என்று நிலையமே ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது. இன்றுவரை யாரும் தேடி வரவில்லை.

அந்த வேலைக்கு இரண்டு விதிகள் உண்டு. பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்பது முதல் விதி. ‘தங்க மோதிரம்’ என்று எழுதக் கூடாது, ‘மஞ்சள் நிற உலோக மோதிரம்’ என்றுதான் எழுத வேண்டும். தங்கமா பித்தளையா என்பது நம் வேலை இல்லை. இரண்டாவது விதி, பொருளைக் காட்டாதே, கேள். உரியவருக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்று எல்லாப் பொருளிலும் இருக்கும்.

ஒருநாள் மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் வந்து, கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்த பழுப்புப் பையைத் தன்னுடையது என்றார். நிறம், அளவு, கம்பெனி பெயர் எல்லாம் கடகடவென்று சொன்னார். கைப்பிடியில் என்ன கோளாறு என்று அவள் கேட்டாள். புதுப் பையில் கோளாறு எங்கிருந்து வரும் என்று அவர் முகம் சுளித்தார். அவள் பையைத் தரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். கேட்பதற்கு முன்பே, “கைப்பிடிய மீன் பிடிக்கிற நரம்பு போட்டுத் தைச்சிருப்பேங்க, அசிங்கமா இருக்கும்” என்றாள். பை அவளுக்குப் போனது.

இந்த இரண்டு விதிகளையும் பழகப் புதிதாக வருகிறவர்களுக்கு ஆறு மாதம் பிடிக்கும். லேபிள் அக்காவுக்கு ஒரே நாள்தான் ஆனது. பிறவித் திறமை என்று மேற்பார்வையாளர் நினைத்தார். பிறவியிலே வந்தது ஒன்றுமில்லை. கண் பார்ப்பதற்கும் மனம் நினைப்பதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறது என்பதை அவள் இருபத்து மூன்று வயதிலேயே விழுந்து எழுந்து தெரிந்துகொண்டவள். அது நிலையத்தில் யாருக்கும் தெரியாது.

அந்த வயதில் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள் அவளோடு பேச ஆரம்பித்தன. நீலச் சட்டைக்குப் பக்கத்தில் வெள்ளைத் துண்டு தொங்கினால் இன்றைக்கு வெளியே போகாதே என்று பொருள். இரண்டு வெள்ளைத் துண்டு என்றால் யாரோ பின்தொடர்கிறார்கள். மூன்று வாரம் அப்படிப் போனது. நான்காவது வாரம் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டாள். மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தம்பிதான் கதவை உடைத்து, உதடு வெடித்துக் கிடந்தவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். அப்போது அவனுக்கு வயது இருபது.

ஆறு வாரம் ஆஸ்பத்திரி. இது சைக்கோசிஸ், இல்லாததை இருப்பதாக மனம் அடித்துச் சொல்லும் நிலை என்று டாக்டர் விளக்கினார். இது முதல் தாக்குதல் என்றும் சொன்னார். அந்த ‘முதல்’ தம்பியின் காதில் ஆணியாக இறங்கியது. முதல் என்றால் இரண்டாவது எங்கோ வரிசையில் நிற்கிறது என்றுதானே அர்த்தம்? அது வந்தால் முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டான். நோய் வருவதற்கு முன் அக்காவிடம் என்னென்ன மாற்றம் பார்த்தாய், யோசித்து எழுதி வை என்றார் டாக்டர். அவன் உட்கார்ந்து யோசித்து ஒன்பது வரி எழுதினான். வீட்டுக்கு வந்ததும் அதை அவளுடைய துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினான்.

ராத்திரி தூக்கம் குறைந்தது. தனியாகச் சிரித்தாள். அலமாரியைத் திரும்பத் திரும்ப அடுக்கினாள். நல்ல துணிகளை எடுத்து யாருக்கோ கொடுத்தாள். போனில் ரகசியமாகப் பேசினாள். காரணமில்லாமல் தெருத் தெருவாக நடந்தாள். திடீரென்று முடியை வெட்டிக்கொண்டாள். சாப்பாட்டில் குறை சொன்னாள். ஒன்பதாவது வரி: என்னை மடையன் என்று திட்டினாள்.

அந்தப் பட்டியலின்படி அவள் இருபத்தோரு வருடம் வாழ்ந்தாள். சொல்லப்போனால் அதைத் தொடாமல் வாழ்ந்தாள். சிரிப்பு வந்தால் பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள். சாம்பாரில் உப்பு இல்லாவிட்டாலும் வாயைத் திறக்க மாட்டாள். ஒரே அளவில் ஒற்றைப் பின்னல். தம்பியைத் திட்டவே முடியாது. அவன் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டாலும், அவளுடைய சார்ஜரைத் தொலைத்தாலும், உலகத்தில் வேறெந்தத் தம்பிக்கும் கிடைக்காத மரியாதை அவனுக்குக் கிடைத்தது.

இதையெல்லாம் தவிர அவள் நன்றாகத்தான் இருந்தாள். மாத்திரை ஒருநாள்கூடத் தவறவில்லை. மாத்திரையால் உடம்பு பதினைந்து கிலோ ஏறியது, காலையில் தலை ஈரச் சாக்கு மாதிரி கனத்தது, அவ்வளவுதான். எட்டு வருடம் வீட்டில் இருந்தாள், பிறகு இந்த வேலை. இருபத்தொன்பதாவது வயதில் ஒரு வரன் பேசி, மாப்பிள்ளை வீட்டில் உண்மையைச் சொன்னதும் அவர்கள் குடித்த டீயின் டம்ளரைக் கழுவக்கூட நேரம் கொடுக்காமல் கிளம்பிப் போனார்கள். பெற்றோர் காலம் முடிந்த பிறகு தம்பியோடும் தம்பி மனைவியோடும் இருந்தாள். தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு பிழைக்கிற தொழில். அவன் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. “வண்டியில, கார் ஓட்டத் தெரியாதவங்களுக்கு மட்டும் பிரேக் போடுங்க, வீட்டுல எல்லாருக்கும் ஓட்டத் தெரியும்” என்று அவள் அடிக்கடி சொல்வாள். அவன் காதில் வாங்க மாட்டான்.

வருடத்துக்கு ஒரு முறை க்ளினிக்கில் ஒரு படிவம் தருவார்கள். வாழ்க்கை எப்படிப் போகிறது என்று இருபது கேள்விகள். ஒன்றிலிருந்து ஏழுவரை ஓர் எண்ணைச் சுழிக்க வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் ஐந்தைச் சுழிப்பாள். நான்கு போட்டால் ஏன் சோர்வு என்று கேட்பார்கள். ஆறு போட்டால் என்ன இவ்வளவு சந்தோஷம் என்று கேட்பார்கள். ஐந்தை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்தத் திங்கட்கிழமை மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முத்திரை குத்தாமல் விடாதவர் என்பதால் நிலையத்தில் அவருக்கு ஸ்டாம்பு சார் என்று பெயர். நகரத்தின் தெற்கு முனையில் திறக்கப்போகிற புது நிலையத்திலும் தொலைந்த பொருள் அலுவலகம் வருகிறதாம். அதற்குப் பொறுப்பாளராக அவள் பெயரை எழுதப்போவதாகச் சொன்னார். காலை ஐந்து மணிக்குக் கதவு திறக்க வேண்டும், அதனால் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பெயர் மேலே போகும். அதற்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

அவள் உடனே சம்மதம் சொன்னாள். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. முதலில் தன்னால் முடிகிறதா என்று பார்க்க நினைத்தாள். இரவு பத்து மணிக்குப் போடுகிற மாத்திரையை ஏழரைக்கு மாற்றலாமா என்று க்ளினிக் நர்ஸிடம் போனில் கேட்டுக்கொண்டாள். எட்டரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்து பார்த்தாள். முதல் நாள் சுவரில் மோதினாள், இரண்டாம் நாள் மோதவில்லை. புது நிலையத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்று வாடகைக்கு இருந்தது. வீட்டுக்காரம்மாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசினாள். அறையிலிருந்து நிலையத்துக்கு எத்தனை நிமிடம் என்று மூன்று தெரு வழியாகவும் நடந்து பார்த்தாள். அலமாரியைக் கலைத்து, எடுத்துப்போகிறவற்றை ஒரு பக்கம் அடுக்கினாள். உடம்பு ஏறியதில் போட முடியாமல் போன மூன்று சட்டைகளைத் தம்பி மனைவியின் கண்ணாடிக் கடையில் கூட்டுகிற பெண்ணுக்குக் கொடுத்தனுப்பினாள். புதன்கிழமை சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது, புது அலுவலகத்துக்கு முதல் பொருளாக அந்தச் சக்கர நாற்காலியையே கொண்டுபோனால் என்ன என்று தோன்றியது. தன்னை மறந்து சிரித்துவிட்டாள். பக்கத்தில் ஆள் இல்லை. ஆனால் வாசற்படியில் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் அலமாரியைத் திறந்து பார்த்தான். முந்தின நாள் வகுப்பு எடுக்கும்போது அவள் தெற்கே தெருத் தெருவாக நடப்பதை வண்டியிலிருந்து பார்த்திருந்தான். பட்டியலில் பென்சிலால் டிக் போட்டான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. அவன் மனைவி, அக்காவிடமே ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றாள். கேட்டால் அவள் மறைப்பாள், அன்றைக்கும் மறைத்தாள் என்று அவன் சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமை காலை அவன் இரண்டு போன் செய்தான். முதல் போன் க்ளினிக்குக்கு. மத்தியானம் மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். அதோடு நின்றிருக்கலாம். அக்கா திடீரென்று வேலைக்குப் போகாமல் நின்றால் வேலை போய்விடுமே என்று அவனுக்கு ஒரு கவலை. அதனால் அலுவலகத்துக்கும் போன் செய்து, அக்காவுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் லீவு வேண்டியிருக்கும் என்றான். உடம்புக்கு என்ன என்று ஸ்டாம்பு சார் கேட்டார். பொய் சொல்லத் தெரியாதவன் தம்பி. பழைய விஷயம் முழுவதையும் சொல்லிவிட்டான்.

அவள் வழக்கம்போல் எட்டு மணிக்கு வந்து ஒரு குடைக்கு அட்டை எழுதிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டார்கள். ஸ்டாம்பு சார் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பதின்மூன்று வருடத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

“உங்க தம்பி போன் பண்ணினாரும்மா.”

அவள் கையோடு கொண்டுவந்திருந்த குடை அட்டையை மேசையில் வைத்தாள்.

“எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்ல. ஆனா பொறுப்பான வேலை. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என்னைத்தானே கேப்பாங்க? நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள ஒரு டாக்டர் லெட்டர் கொண்டாங்க. இல்லைன்னா பார்சல்ல இருக்குற அம்மா பேரை எழுதிடுறேன்.”

அவர் குரல் மெதுவாக இருந்தது. கண்ணாடிப் பாத்திரத்தை நகர்த்துகிற மாதிரிப் பேசினார். கத்தியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. வெளியே வந்தபோது பார்சல் கிடங்கு அம்மா, எதுவும் நடக்காதது போல ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மா யாருக்கும் டீ கொண்டுவந்து கொடுக்கிற ஆள் இல்லை. அரை நாளில் ஏழு நடைமேடைக்கும் விஷயம் போய்விட்டது.

கடிதத்துக்காக அவள் க்ளினிக்குக்குப் போன் செய்தபோது, அவள் பெயரில் ஏற்கெனவே மூன்று மணிக்கு நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அந்த நேரத்துக்கு அவள் போனபோது தம்பியும் அவன் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் அந்தப் பட்டியல். அலமாரிக் கதவிலிருந்து பிய்த்து எடுத்து வந்திருந்தான். மூலைகளில் பழைய பசை மஞ்சளாகக் காய்ந்திருந்தது. நர்ஸ் அவளிடம் வருடாந்திரப் படிவத்தையும் பேனாவையும் கொடுத்தாள், எப்படியும் இந்த மாதம் எழுத வேண்டியதுதான் என்று.

அவள் ஐந்து, ஐந்து, ஐந்து என்று சுழித்துக்கொண்டே வந்தாள். பதினான்காவது கேள்வியில் பேனா நின்றது. ‘உங்கள் வாழ்க்கையின் முடிவுகளை நீங்களே எடுக்க முடிகிறதா?’ இருபது வருடமாக அதற்கும் ஐந்துதான் போட்டிருந்தாள். இந்தத் தடவை இரண்டு போட்டாள்.

நர்ஸ் நாற்பதை நெருங்குகிற பெண். நான்கு வருடமாகத்தான் அங்கே இருக்கிறாள். உள்ளே மூன்று பேரையும் உட்காரவைத்துப் படிவத்தைப் பார்த்தவள் அந்த இரண்டில் விரலை வைத்தாள். “நாலு வருஷமா உங்க ஃபாரத்துல அஞ்சைத் தவிர வேற நம்பரே நான் பார்த்ததில்லக்கா. இது என்ன?”

அவள் பதில் சொல்வதற்குள் தம்பி உறையை நீட்டினான். ஒன்பதில் ஆறு வந்துவிட்டது, இன்னும் மூன்றுதான் பாக்கி என்றான். நர்ஸ் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒன்றுக்கும் அவள் முகம் மாறவில்லை. ஒன்பதாவதில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“இதை எழுதும்போது உங்களுக்கு என்ன வயசு சார்?”

இருபது என்றான்.

“இருபது வயசுப் பையன் எழுதினதுன்னு பார்த்தா ரொம்ப நல்லா கவனிச்சிருக்கீங்க. ஆனா இது பக்கத்துல இருந்தவர் பார்த்தது.” நர்ஸ் அவள் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குள்ள மொத மொதல்ல என்ன மாறுச்சுக்கா? துணி, செய்தி அதுக்கெல்லாம் முன்னாடி?”

லேபிள் அக்கா அந்தக் கேள்வியை ஒருநாளைக்கு ஐம்பது பேரிடம் கேட்கிறவள். உள் ஜிப் எப்படி இருக்கும், கைப்பிடியில் என்ன கோளாறு, மூடிக்குள் என்ன எழுதியிருக்கும். தன்னிடம் அதை யாரும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டாக்டர் தம்பியிடம் கேட்டார், தம்பி எழுதினான், அதோடு கோப்பு மூடப்பட்டது.

“தண்ணி” என்றாள்.

“தண்ணியா?”

“தண்ணி ருசி மாறிடும். நாக்குல சாவிய வெச்சா ஒரு ருசி வருமே, அந்த மாதிரி. மத்ததெல்லாம் வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அது வந்திடுச்சு. டம்ளர மாத்தினேன், குழாய மாத்தினேன், போகல. அப்புறம்தான் யாரோ ஏதோ கலக்குறாங்கன்னு தோண ஆரம்பிச்சுது.”

தம்பி பட்டியலைக் குனிந்து பார்த்தான். ஒன்பது வரியில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை. மூன்று நாள் தண்ணீர் குடிக்காமல் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான்.

“மறுபடி எப்பவாவது வந்துச்சாக்கா?”

அவள் தம்பியைப் பார்க்காமல் சொன்னாள். “ஒரு தடவை. ஒன்பது வருஷம் முன்னாடி.”

ஒரு செவ்வாய்க்கிழமை அலுவலகத்துத் தண்ணீரில் சாவி ருசித்தது. புதன்கிழமையும் அப்படித்தான். பக்கத்தில் இருந்தவர்களைக் குடிக்கச் சொல்லிக் கேட்டாள், நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஆட்டோ பிடித்து க்ளினிக் வந்தாள். பழைய டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். பதினொரு நாளில் தண்ணீர் மறுபடி தண்ணீராக ஆனது. மூன்று மாதத்தில் மாத்திரையையும் குறைத்துவிட்டார். ஒருநாள்கூட லீவு போடவில்லை. வீட்டில் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

நர்ஸ் எழுந்து தடித்த கோப்பைக் கொண்டுவந்து பின்னோக்கிப் புரட்டினாள். பழுப்பேறிய ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். தேதி இருந்தது. தானாக வந்தார், குடிநீரில் உலோகச் சுவை என்கிறார், மருந்து கூட்டப்பட்டது என்று டாக்டரின் கோழிக்கிறுக்கலில் எழுதியிருந்தது.

தம்பி மனைவி தேதியைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். “அந்த வருஷம்தானே, ‘அக்கா இந்த வருஷம் ரொம்ப நல்லா இருக்கா’ன்னு எங்க எல்லாரையும் ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?”

தம்பி கோப்பைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியைப் படித்தான். “என்கிட்ட ஏன்க்கா சொல்லல?” என்றான். “அன்னிக்கு உன் உதடு வெடிச்சு ரத்தம் வந்துச்சு. உன்னைத் தூக்கிட்டுப் படி இறங்கும்போது நீ என்னை யாருன்னு கேட்ட. எனக்கு அது இன்னும் கண்ணுலயே நிக்குது. அதுக்குத்தான் இவ்வளவும்.”

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். அந்த உண்மைக்காகத்தான் இருபத்தோரு வருடம் உப்பில்லாத சாம்பாரைச் சாப்பிட்டாள். ஆனால் காலையில் ஸ்டாம்பு சார் நாற்காலியைக் காட்டியதும், பார்சல் அம்மாவின் டீயும் உண்மைதான்.

“சொல்லியிருந்தா வேலைய விட வெச்சிருப்ப. இப்ப வெக்கப் பார்த்த மாதிரி. எனக்குப் பெரிய வேலை கொடுக்குறாங்க, அதுக்குத்தான் நாலு மணிக்கு எந்திரிச்சேன், அதுக்குத்தான் துணி அடுக்கினேன், அதுக்குத்தான் வீடு பார்த்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். க்ளினிக்குக்குப் போன் பண்ணின, சரி. ஆபீஸுக்கு எதுக்குடா பண்ணின, மடையா?”

தம்பியின் கண் தானாக ஒன்பதாவது வரிக்குப் போனது. மேசைமேல் இருந்த பென்சிலையும் ஒரு பார்வை பார்த்தான்.

“டிக் போடாதீங்க சார்” என்றாள் நர்ஸ். “அது கோபம். நானா இருந்தா இன்னும் ரெண்டு சேர்த்துச் சொல்லியிருப்பேன்.”

தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு தம்பிக்கும் சிரிப்பு வந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நர்ஸ் விஷயத்தை அப்படியே சிரிப்போடு விட்டுவிடவில்லை. பட்டியலின் முதல் வரி இருக்கட்டும் என்றாள், தூக்கம் குறைந்தால் யாருக்கும் ஆபத்து, அக்காவுக்குக் கொஞ்சம் கூடுதல் ஆபத்து. எட்டரைக்குப் படுக்க முடியாத நாள் ஒரு வாரத்தில் இரண்டு தடவை வந்தால் போன் செய்ய வேண்டும். தனியாக இருக்கப்போவதால் முதல் மூன்று மாதம் மாதாமாதம் வர வேண்டும். தண்ணீர் மாறினால் அன்றைக்கே வர வேண்டும், க்ளினிக்குக்கு மட்டும் இல்லை, வீட்டிலும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னது அவளுக்குக் கசந்தது. ஆனாலும் தலையசைத்தாள். டாக்டர் வந்து அரை மணி நேரம் பேசிவிட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஸ்டாம்பு சார் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பொறுப்பாளர் வேலையில் தடையில்லை என்று எழுதியிருந்தது. அவர் முகத்தில் நிம்மதியும் தயக்கமும் மாறி மாறி வந்தன. பெயரை மேலே அனுப்பும்போது தானும் ஒரு குறிப்பு எழுத வேண்டும், என்ன எழுதுவதென்றே தெரியவில்லை என்றார். பழைய உடல்நலக் குறைவு இருந்தாலும் என்று ஆரம்பிக்கலாமா என்று அவளையே கேட்டார்.

“பதிமூணு வருஷத்துல நீங்க பார்த்தது என்ன சார்? அதை மட்டும் எழுதுங்க. நினைச்சதை எழுதாதீங்க.”

அவர் சொல்லிக்கொடுத்த விதிதான். அவர் பேனாவைத் தாளில் வைக்காமல் சற்று நேரம் பிடித்திருந்தார். பிறகு எழுதினார்: பதின்மூன்று வருடப் பணி. தவறான ஆளிடம் போன பொருள் ஒன்றும் இல்லை. தாமதமாக வந்த நாள் இரண்டு, இரண்டு நாளும் ரயில் ஓடவில்லை. கீழே முத்திரை குத்தினார்.

வேலை கிடைத்தது. ஆனால் மற்ற பொறுப்பாளர்களுக்கு இல்லாத மூன்று மாதக் கண்காணிப்பு அவளுக்கு மட்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு வரி சேர்ந்து வந்தது. அவள் ஏன் என்று எழுத்தில் கேட்டாள். பதில் வரவில்லை. பார்சல் அம்மாவும் பழையபடி ஆகவில்லை. முன்பெல்லாம் குடைக் கட்டுகளை லேபிள் அக்காவின் காலடியில் தொப்பென்று போடுகிறவள், இப்போது சத்தம் வராமல் வைத்தாள். கிளம்புகிற நாளன்றுதான், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு புது நிலையத்துக்குப் போகிறவளைப் பார்த்து, “அதுல ஏறி உக்காந்து போயேன், நடக்குறதுக்கு உனக்கென்ன தலைவிதியா” என்று பின்னாலிருந்து கத்தினாள். லேபிள் அக்காவுக்கு அது நிறைவாக இருந்தது.

அறை மாறிய அன்று தம்பி காரில் சாமான் ஏற்றினான். அவளை ஓட்டச் சொல்லட்டுமா என்று ஒரு நிமிடம் யோசித்தான் போலிருக்கிறது, ஆனால் சொல்லவில்லை. எல்லாம் ஒரே நாளில் மாறிவிடாது. புது அறையின் அலமாரியைத் திறந்து உள்பக்கக் கதவைப் பார்த்தான். வெறுமையாக இருந்தது. பழைய பட்டியல் க்ளினிக் கோப்பில் சேர்ந்துவிட்டது. ஏதாவது எழுதி ஒட்டட்டுமா என்று தயங்கிக் கேட்டான். அவளே ஓர் அட்டை எடுத்து அவனிடம் கொடுத்து, சொல்லச் சொல்ல எழுது என்றாள். இரண்டே வரி. தூக்கம். தண்ணீர். அதை அவள் கதவில் ஒட்டவில்லை, அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டாள். அது வேண்டியது அவனுக்குத்தான்.

முதல் நாள் காலை ஐந்து மணிக்கு அவள் ஷட்டரைத் தூக்கினாள். முதல் ரயிலில் ஒரு குடை, ஒரு சாப்பாட்டு டப்பா, ஓர் இடது கைக் கையுறை. டப்பாவைத் திறந்து பார்த்து, ‘இரண்டு அடுக்கு, மேல் அடுக்கில் அரைச் சாப்பாடு, கீழ் அடுக்கு காலி’ என்று அட்டை எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பி. பின்னால் இஞ்சின் சத்தம் கேட்டது. காலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, தூங்கினியா?”

“எட்டே முக்காலுக்குப் படுத்தேன்.”

“தண்ணி?”

அவள் மேசையில் இருந்த பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். நாக்கில் வைத்து ஒரு நொடி நிறுத்திப் பார்த்தாள்.

“தண்ணி மாதிரிதான் இருக்கு. வண்டிய ஓட்டுற நேரத்துல என்னடா போன், மடையா?”

“நான் எங்க ஓட்டுறேன், ஒரு அம்மா ஓட்டுது” என்றான் தம்பி. அவன் குரலில் எந்தப் பதற்றமும் இல்லை. உடனே, “பிரேக்கும்மா, பிரேக்கு, அது இல்ல, இடது பக்கம்” என்றான், இணைப்பு துண்டானது. கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் சாப்பாட்டு டப்பாவைக் கைகாட்டிக்கொண்டு நின்றார். அவள் அதை மேசைக்குக் கீழே இறக்கி வைத்துவிட்டு, மேல் அடுக்கில் என்ன இருந்தது என்று கேட்டாள்.